ஹீட்டரை அணைத்தவள்

வெள்ளி இரவு, பதினொன்று நாற்பது.
ரோப்லேதோ பள்ளத்தாக்கில் பனி.
எழுபது மீட்டர் கிண்ணம் தெற்கே சாய்ந்திருக்க
அதன் அடியில் யாருடையவோ மாடுகள்
காற்றுக்கு ஒதுங்கி நிற்கின்றன.
ஒன்றின் கழுத்துமணி மட்டும்
அவ்வப்போது.

இன்றைக்கு என் வேலை ஒரே ஒரு கட்டளை.
துகள் எண்ணும் கருவியின் ஹீட்டரை
அணை.
அவ்வளவுதான்.

மின்சாரம் போதவில்லை அதற்கு.
ஆண்டுக்கு நான்கு வாட்,
தவணைக்காரன் போல நாள் தப்பாமல் வந்து
வாங்கிக்கொண்டு போகிறது காலம்.
கேமராவை அணைத்தபோது நான் பள்ளிக்கூடத்தில்.
நெப்டியூனுக்கு அப்பால்
இருட்டைப் படமெடுக்க யாரும் காசு தரமாட்டார்கள்.
இப்போது மிச்சம் தோல் மட்டும் என்று வையுங்கள்:
எங்கிருந்தோ வரும் துகள்
மேலே பட்டால், ஒன்று.
இன்னொன்று பட்டால், இரண்டு.

எதிர் மேசையில் எலாடியோ ஆரஞ்சு உரிக்கிறான்.
"அனுப்பிட்டியா பெகோன்யா?"
"அனுப்பிட்டேன்."
"குளிர்ல செத்துப்போயிடும்."
"தெரியும். என் கையெழுத்துதான் அதுல இருக்கு."
பாதி ஆரஞ்சை நீட்டினான்.
வேறென்ன செய்வான்.

மைனஸ் நாற்பத்தைந்துக்குக் கீழே
உத்தரவாதம் இல்லை என்று
கையேட்டில் எழுதியிருக்கிறது.
எழுதியவர்களின் உத்தரவாதமே முடிந்து
வெகுகாலம் ஆயிற்று.

போக இருபது மணி நேரம், வர இருபது.
ஒளியை விட அவசரக்காரன் எவனுமில்லை,
அவனுக்கே இந்தக் கதி.

சனிக்கிழமை பிறந்து ஒரு மணிக்கெல்லாம்
சனியைத் தாண்டியிருக்கும் என் சொல்.
தூக்கத்தில் நான் புரண்டு படுத்தபோது
நெப்டியூனின் பாதையை.
அதற்கப்புறம் பெயர் சொல்ல ஒன்றுமில்லை.
பதினாறு மணி நேரம்
வெறும் தூரம்.

சனி மாலை ஏழு நாற்பதுக்கு
மீன்கடையில் நிற்கிறேன்.
கையில் வரிசைச் சீட்டு, எண்பத்து மூன்று.
எண்பத்திரண்டைக் கூப்பிட்டார்கள்.
அந்த நொடி, அங்கே,
ஒரு கம்பிச் சுருள் சிவப்பு தணிந்து
இல்லாமல் போனது.
கடையில் வேறு யாருக்கும் தெரியாது.
அரைக் கிலோ மத்தி என்றேன்.
சுத்தம் பண்ணித் தரட்டுமா என்றான்.
சட்டென்று பதில் வரவில்லை எனக்கு.

கேட்டவள் நான்;
பதிலைக் கேட்கப்போவது நானில்லை.
அதற்குள் பூமி ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திரும்பிவிடும்,
ஸ்பெயினின் காது மண்ணை நோக்கிக் கவிழ்ந்திருக்கும்.
பதில் விழுவது கான்பெராவில்,
திங்கள் அதிகாலை இரவுப்பணியில் இருக்கும்
நெரிடா ஹாலரனின் மடியில்.
அவளை நான் பார்த்ததில்லை.
பணிக்குறிப்பின் கடைசி வரியில்
வானிலை எழுதுகிறவள்,
ஒருமுறை வண்டி நிறுத்துமிடத்தில் கங்காரு,
ஒருமுறை பல்வலி.

ஞாயிறு பகல் மூன்று நாற்பது.
அடுப்படியில் நிற்கிறேன், கையில் இன்னும் மத்தி வாடை.
போனைக் கழுவாத கையால் தொடக்கூடாது என்று
எனக்கு நானே சொல்லி, சொல்லி,
தொட்டேன்.

"மைனஸ் ஐம்பத்தொன்பது.
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது.
இங்கே நள்ளிரவிலும் முப்பத்தொரு டிகிரி,
விசிறி ரிப்பேர்.
நான்தான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்."

திங்கள் இரவு எலாடியோ நம்பவில்லை.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
மூன்று.
மூன்று.
நான்கு.
ஒன்றுமில்லை.
மூன்று.
பார்த்துக்கொண்டே இருந்தான்,
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல்.
"யார் இதுக்குக் கத்துக்கொடுத்தது?"
யாருமில்லை.
அங்கே யார் இருக்கிறார்கள்.

வெளியே மாடுகள் இடம் மாறி நின்றிருந்தன.
அடுத்த ஆண்டு இன்னொரு நான்கு வாட் வேண்டும்.
அணைக்கவேண்டியவற்றின் பட்டியல்
என் இழுப்பறையில்தான் இருக்கிறது.
திறக்கவில்லை.
ஆரஞ்சு இருக்கா என்று கேட்டேன்.